கானாடுகாத்தான் களப்பயிற்சி: மாணவர்களை வரையவைக்க யோசனை வேண்டும்

வணக்கம். நகரமைப்பு படிக்கும் 22 மாணவர்களை அடுத்த மாதம் பத்து நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குக் கூட்டிப்போகிறேன். தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஆயிற்று. என் கவலை வேறு.

போன வருடம் ஊரணி பற்றிய வரைபடம் ஒன்றை ஊர்க்கூட்டத்தில் மாட்டினோம். பதினாலு வண்ணம், எறும்பு அளவு எழுத்து. ஒரு ஆச்சி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது தம்பி?" என்றார். ஒருவராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மாணவர்களுக்குக் கணினியில் வண்ணம் பூசத் தெரிகிறது. எதை விடுவது என்று தெரியவில்லை.

இந்த முறை முதல் மூன்று நாள் பென்சில் மட்டும். 1748-ல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் நொல்லி ரோம் நகரின் வரைபடத்தை வெளியிட்ட மாதிரி, கட்டடம் கறுப்பு, பொதுவெளி வெள்ளை என்று தொடங்க எண்ணம். தேவாலயங்களின் உட்புறத்தையும் அவர் வெள்ளையாகவே விட்டார். அப்படியானால் நம் திண்ணைக்கு என்ன நிறம்? கல்யாணத்தன்று வளவுக்கு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்)? இந்தச் சண்டைக்காகவே பயிற்சி வைக்கலாம். அப்புறம், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டுக்கு ஒரு வெட்டுப்படம், வீட்டை நீளவாக்கில் பிளந்து பார்ப்பது போல. ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுவது அதில் பளிச்சென்று தெரியும்.

வரையவே கூச்சப்படும் பிள்ளைகளுக்கு முதல் நாள் என்ன கொடுக்கிறீர்கள்? மதிப்பெண் அழகுக்கா, புரிவதற்கா? காரைக்குடியில் பழைய புல வரைபடங்களை (நில அளவைப் படங்கள்) பெரிதாக நகலெடுக்கும் கடை இருந்தால் சொல்லுங்கள். புள்ளிக்கோலம் சொல்லித்தர ஒரு மணி நேரம் வரக்கூடிய ஆச்சி யாராவது இருந்தால், அது இன்னும் நல்லது.