‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ பட்டியல்: எதை வைப்பது, எதை அடிப்பது?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். வாட்சாப்பில் சுற்றும் அந்த நூறு சொல் பட்டியல் இங்கே பலருக்கும் வந்திருக்கும். தமிழ்ப்பள்ளி ஒன்றின் மொழி வாரத்துக்கு அதை வைத்து ஒரு பதாகை தயாரிக்க வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் இதில் எல்லாம் சந்தேகம் இல்லை. ஆனால் அதே பட்டியலில் ஒன்று–வன், எட்டு–எய்ட், கரை–க்ரை, மணி–மனி, காசு–கேஷ், அரிசி–ரைஸ், கட்டில்–காட், கூலி என்றும் இருக்கிறது. யாராவது படம் பிடித்து முகநூலில் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். எதையெல்லாம் அடிக்க வேண்டும்? நானே சரிபார்க்க ஏதாவது முறை உண்டா? மேங்கோ மாதிரி மலாய் வழியாகப் போனதாகச் சொல்கிறார்களே, அதைத் தமிழ்க் கணக்கில் சேர்க்கலாமா?

சொல்வேட்டை:
முதல் நான்கையும் யோசிக்காமல் அடித்துவிடுங்கள்.

‘வன்’ என்பதில் நம் காதில் விழும் வகர ஒலியே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. வகரம் சேராத பழைய உச்சரிப்பு ‘ஒன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களில் இன்னும் இருக்கிறது. அலோன் என்பதே ‘ஆல்’, ‘ஒன்’ இரண்டும் சேர்ந்ததுதான். இதைச் சொன்னால் உடனே, “பார்த்தீங்களா, ஒன் என்றால் ஒன்றுதானே” என்று ஒருவர் வருவார். அவரிடம் அடுத்த எண்களைக் கேளுங்கள். டூ, த்ரீ என்பவை லத்தீனில் டுவோ, ட்ரேஸ். சமஸ்கிருதத்தில் த்வி, த்ரி. குடும்பமே ஒரே சாயல். நம் இரண்டும் மூன்றும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற எண்களையெல்லாம் சொந்தமாக வைத்துக்கொண்டு ஒன்றையும் எட்டையும் மட்டும் ஒரு மொழி ஏன் கடன் கேட்கிறது?

எட்டும் அப்படியே. தமிழில் அதன் வேர் ‘எண்’. எண்பது, எண்ணூறு, எண்திசை எல்லாவற்றிலும் ணகரம் தெரிகிறது. கன்னடத்தில் இன்றைக்கும் ‘எண்டு’. ஆங்கில எய்ட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்த’, லத்தீனில் ‘ஒக்டோ’. அக்டோபர் என்ற மாதப் பெயரில் இருப்பதும் அதே ஒக்டோ. இப்போது எண்ணையும் ஒக்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு ஒலிகூடச் சேராது. சரிபார்க்கும் முறை இதுதான்: இரண்டு சொல்லையும் அவற்றின் மிகப் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோங்கள். உறவு உண்மையானால் நெருங்கும், தற்செயலானால் விலகும். பட்டியல் போடுகிறவர்கள் இன்றைய உச்சரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஜோடி சேர்ப்பதால்தான் இத்தனை கோளாறு.

க்ரை, பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘க்விரிதாரே’யிலிருந்து வந்தது. காகம் கரைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மனி, ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்ததால் வந்த பெயர். நாணயச்சாலையைக் குறிக்கும் ‘மின்ட்’டும் அதே மொனேட்டாதான்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் எடிம்ஆன்லைன் தளம். இலவசம், ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் போதும். அங்கே இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவான காலம், இடையில் நின்ற மொழி. 1500க்கு முன்பே ஆங்கிலத்தில் புழங்கிய சொல் என்றால் தமிழிலிருந்து நேராகப் போயிருக்க வாய்ப்பே இல்லை. கிரேக்கம், லத்தீன், அரபு வழியாகச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்ததென்றால் பெரும்பாலும் போர்த்துகீசியர் நடுவில் இருப்பார்கள்.

அடுத்தது, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. 1886இல் வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகத் தளத்தில் முழுதாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஆண்டு வாரியாகப் பழைய மேற்கோள்கள் இருக்கும். அவற்றை நம்புங்கள். அதன் ஆசிரியர்கள் சொல்லும் மூலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். திராவிட மொழிகளின் ஒப்பியல் அகராதி வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தைய ஊகங்கள் அதில் நிறைய உண்டு. கடைசியாக, பரோவும் எமனோவும் தொகுத்த அந்த ஒப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984). அதுவும் அதே தளத்தில் இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல்லுக்குக் கன்னடம், தெலுங்கு, துளு என்று உறவு வரிசையாக நின்றால் சொல் நம்முடையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கிடங்குத்தெரு:
கேஷ் பற்றி யாரும் தொடவில்லை. பட்டியலிலேயே மிகச் சுவையானது அது, ஏனென்றால் பாதி உண்மை.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொல் உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. ரொக்கப்பணம் என்ற பொருளில் வருவது இத்தாலிய ‘காஸ்ஸா’, பிரெஞ்சு ‘கேஸ்’ வழியாக லத்தீன் ‘காப்ஸா’வுக்குப் போகிறது. பெட்டி என்று பொருள். பணப்பெட்டி என்று இருந்து பெட்டிக்குள் இருக்கும் பணமாகிவிட்டது. கடையில் கேஷியர் என்கிறோமே, அது இந்த வம்சம். காசுக்கும் இதற்கும் உறவில்லை.

இன்னொரு கேஷ், சின்ன செப்புக் காசு. இது நம் காசுதான், போர்த்துகீசியர் ‘காய்ஷா’ என்று எடுத்துக்கொண்டு போய் ஆங்கிலேயரிடம் கொடுத்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கே இதில்தான் நடந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808ஆம் ஆண்டு இட்ட 10 காசு, 20 காசு நாணயங்கள் இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் ஏற்றியவை. அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியபோது அதில் பீப்பாய் பீப்பாயாக இந்தக் காசு இருந்தது. பிறகு எடுத்தவை இன்றைக்கும் நாணயச் சந்தையில் விலைக்கு வருகின்றன. ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லே நாணயத்தின் மேல் பொறித்திருக்கும். துளை போட்ட சீனச் செப்புக் காசையும் ஆங்கிலேயர் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

ஆகவே பதாகையில் கேஷ் வைக்கலாம், ஆனால் ‘பழைய செப்புக் காசு’ என்று பொருளைப் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஏடிஎம் படம் போட்டீர்களானால் தப்பு.

அப்புறம், குடோனை விட்டுவிடாதீர்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் வெல்டு கீ ஓரமாகப் போனால் பழைய குடோன் வரிசையே நிற்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டலாம். மலாயில் ‘கூடாங்’, தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. மூலம் தமிழா தெலுங்கா என்று அறுதியிட முடியாது, ஆனால் தென்னிந்தியா என்பதில் பெரிய சண்டை இல்லை.

பட்டர்வொர்த்வாசி:
கேஷியர் வேறு குடும்பமா! நல்லவேளை கேட்டேன். மிச்சம் இருக்கிற அரிசி, கட்டில், கூலி, மேங்கோ பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று: காம்பவுண்டு மலாய்ச் சொல் என்கிறார் ஒரு நண்பர். நம்பலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_திருத்தி:
ஒவ்வொன்றாக வருகிறேன்.

அரிசி: தீராத வழக்கு. ரைஸ் கிரேக்க ‘ஓரிசா’வுக்குப் போகிறது, அதுவரை தெளிவு. கிரேக்கருக்கு அது ஈரானிய மொழிகள் வழியாக வந்தது என்பது பொதுவான கருத்து. சமஸ்கிருதத்தில் உறவுச் சொல் ‘வ்ரீஹி’. இங்கேதான் சிக்கல். வ்ரீஹியின் தொடக்க வகரத்துக்கு அரிசியில் இடமில்லை. அதற்கும் முந்திய ஏதோ ஒரு திராவிட வடிவம் எல்லாவற்றுக்கும் மூலம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. முடிவாகாத வழக்கைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

அரிசிக்குப் பதில் இஞ்சியைப் போடுங்கள். ஜிஞ்சர் நல்ல கெட்டியான சான்று. பாலி மொழியில் ‘சிங்கிவேர’, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, பழைய ஆங்கிலத்தில் ‘கிங்கிஃபர்’ மாதிரியான வடிவம். அந்த ‘வேர’ நம் வேர்தான். முன்னால் நிற்கும் சகரம் பழைய திராவிட வடிவத்தில் இருந்தது, தமிழில் உதிர்ந்துபோயிற்று. சமஸ்கிருதத்தில் இதையே ‘ச்ருங்கவேர’ என்று ஆக்கி, மான்கொம்பு போல இருப்பதால் வந்த பெயர் என்று விளக்கம் கொடுத்தார்கள். புரியாத அயல்சொல்லுக்குத் தெரிந்த பொருளை மாட்டிவிடும் பழக்கம் எல்லா மொழியிலும் உண்டு.

கட்டில்: காட் என்பது ஆங்கிலத்துக்கு இந்தி ‘காட்’ வழியாக 17ஆம் நூற்றாண்டில் போனது. இந்திக்கு சமஸ்கிருத ‘கட்வா’ மூலம். அந்தக் கட்வாவே திராவிடக் கடன், கட்டு என்ற வேரோடு சேர்ந்தது என்று பலர் ஏற்கிறார்கள். ஆக, தமிழ்தான் கொடுத்தது என்று எழுத முடியாது. திராவிட வேராக இருக்கலாம் என்று எழுதலாம். மலாயில் ‘காத்தில்’ இருக்கிறதே, அது மட்டும் நேராக நம் கட்டில். கப்பல், கடை, முதல், பெட்டி போன வழியில் போனது.

கூலி: நம் கூலியா, குஜராத்தின் கோலி இனப் பெயரா, இரண்டும் கலந்ததா என்று இன்னும் இழுபறி. அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் அது வசைச்சொல். பரையா என்ற சொல் ஐயமில்லாமல் தமிழிலிருந்து போனதுதான், ஆனால் ஒரு சமூகத்தின் பெயரை ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று ஆக்கிய சொல். பள்ளிச் சுவரில் இரண்டுக்குமே வேலை இல்லை.

மேங்கோ: தாராளமாக வைக்கலாம். போர்த்துகீசிய ‘மங்கா’தான் ஆங்கிலத்துக்குப் போனது. போர்த்துகீசியருக்கு அது மலாய் ‘மங்கா’விலிருந்து கிடைத்தது, மலாய்க்கு நம் மாங்காயிலிருந்து என்பது வழக்கமான விளக்கம். 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியவர்கள் மலையாள ‘மாங்ங’வையே நேராகக் கேட்டிருக்கலாம் என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பழம் நம் பக்கத்துத் தோப்பில்தான் விழுகிறது. மலாயில் ‘மெம்பெலாம்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது, அது மாம்பழம். காயும் பழமும் தனித்தனியாகக் கப்பலேறியிருக்கின்றன.

காம்பவுண்டு: நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. வேலி போட்ட வளாகம் என்ற பொருளில் வரும் காம்பவுண்டு, மலாய் ‘கம்போங்’கிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்ற கருத்து. நாம் இங்கே மலேசியாவில் கிராமத்தைக் கம்பம் என்கிறோமே, அதே சொல். ஆங்கிலேயர் காதில் விழுந்ததும், ஏற்கெனவே தெரிந்த ‘கலவை’ காம்பவுண்டின் எழுத்துக்கூட்டலை மாட்டிவிட்டார்கள். அந்தக் கலவை லத்தீன், இரண்டும் வேறு. மலேசியாவில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: போலீஸ்காரர் கண்ணாடியில் செருகிவிட்டுப் போகும் ‘கொம்பவுன்’. குற்றத்துக்குப் பணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்வது என்ற ஆங்கிலச் சட்டச்சொல் அது, லத்தீன் பக்கத்து உறவு. வேறு நாட்டுக்காரரிடம் “எனக்கு காம்பவுண்டு வந்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னால் விழிப்பார்.

சொல்வேட்டை:
திருத்தி சொன்னதோடு ஒன்று. கட்டுமரத்துக்குப் படம் போடும்போது கவனம். லங்காவி பக்கம் ஓடும் இரட்டை உடல் படகுதான் இன்றைய ஆங்கிலத்தில் காட்டமரான். நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது, மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. சொல் போனது, பொருள் வழியில் மாறிவிட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

மிளகுத்தண்ணீரும் அப்படித்தான். முல்லிகடானி என்று டின்னில் வருவதில் இறைச்சி, ஆப்பிள் என்று என்னென்னவோ இருக்கும், ரசத்தைத் தேடாதீர்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ‘முல்’ என்று பட்டப்பெயரே இருந்தது, இந்த சூப்பை வைத்து.

பட்டர்வொர்த்வாசி:
அனைவருக்கும் நன்றி. சரி, இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: நேராகப் போனவை (கட்டுமரம், மிளகுத்தண்ணீர்), வேறு மொழி வழியாகப் போனவை (சுருட்டு, மாங்காய், காசு, இஞ்சி, கிடங்கு). கட்டிலை மலாய்க்குப் போனவற்றோடு தனியாக. வெற்றிலையைச் சேர்க்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_திருத்தி:
பீட்டல் இரண்டாவது கட்டத்தில். போர்த்துகீசிய ‘பெட்டெலெ’ வழி. மலையாள வெற்றிலயிலிருந்து என்று பெரும்பாலான அகராதிகள் சொல்லும், தமிழும் சேர்த்துச் சொல்வதுண்டு. ‘தமிழ்/மலையாளம்’ என்று சாய்கோடு போட்டு எழுதுங்கள். பாக்கைக் குறிக்கும் ‘அரிக்கா’ மட்டும் மலையாளம், ‘அடய்க்க’. அதைத் தமிழ்க் கணக்கில் எழுதாதீர்கள். பினாங்கு என்ற பெயரே மலாயில் பாக்கு என்பதால் அதையும் வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், கேட்டால் மலாய்க் கட்டத்துக்குக் கீழே போடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அச்சிட மறக்க வேண்டாம், தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் இரண்டு கேஷும் ஒன்றாகவே தெரியும், காட் எது கார்ட் எது என்றும் குழம்பும்.