எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டவில்லை: விசை, இயக்கம், காந்தம் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

நாலாம் வகுப்பு டீச்சர்

போன வாரம் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பாடம் காந்தம். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, 'ஒட்டும்', 'ஒட்டாது' என்று எழுதியாயிற்று. எங்கள் ஊர் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிக் கொடுத்த வளையக் காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வகுப்பைச் சுற்றி வரச் சொன்னேன். ஜன்னல் கம்பி ஒட்டும், கதவுத் தாழ்ப்பாள் ஒட்டும், பெஞ்சுப் பலகை ஒட்டாது. கட்டம் அழகாக நிரம்பியது.

மதியம் சத்துணவு நேரத்தில் ஒருவன் தட்டின் அடியில் காந்தத்தை வைத்தான். தொப்பென்று விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. "டீச்சர், எவர்சில்வரும் இரும்புதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். சட்டென்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "காந்தத்துல சக்தி குறைஞ்சிருக்கும்." அவன் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் ஜன்னல் கம்பியில் ஒட்டவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அன்று ராத்திரி என்னை உட்கார்ந்து படிக்கவைத்தது.

எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதான். பாத்திரத்துக்குப் போகும் நல்ல ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்திருக்கும். இரும்பு காந்தத்தில் ஒட்டும், நிக்கலும் ஒட்டும், ஆனால் குரோமியத்தோடு இந்த அளவில் சேர்ந்தால் ஒட்டாது! நிக்கல் சேரும்போது உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறிவிடுவதுதான் காரணம். நிக்கல் இல்லாத மலிவு ரகம் நன்றாகவே ஒட்டும்.

மறுநாள் "நேத்து நான் சொன்னது தப்பு" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வீட்டில் இருந்து ஆளுக்கு ஒரு சாமான் கொண்டுவரச் சொன்னேன். ஒரு ஸ்பூன் ஒட்டியது, அதே மாதிரி பளபளக்கும் இன்னொரு ஸ்பூன் ஒட்டவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கிற பாத்திரம் அடிப்பக்கம் மட்டும் ஒட்டியது. எவர்சில்வர் ஒரு ரூபாய் ஒட்டியது, மஞ்சள் நிற அஞ்சு ரூபாய் ஒட்டவில்லை.

அப்புறம்தான் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "டம்ளர் விளிம்புல மட்டும் லேசா இழுக்குது டீச்சர்." நான் நம்பவில்லை. ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு டம்ளர் பக்கத்தில் கொண்டுபோனோம். நடுப்பகுதியில் நூல் அசையவே இல்லை. விளிம்புக்கு வந்ததும் மெதுவாகச் சாய்ந்து போய்த் தொட்டது. தகட்டை அழுத்தி இழுத்து டம்ளராக்கும்போது அதிகம் வளைந்த இடங்களில் அந்த அணு அடுக்கு கொஞ்சம் குலைந்துபோய், அங்கே மட்டும் காந்தம் பிடிக்க ஆரம்பிக்கிறதாம். இது எனக்கே புதுச் செய்தி.

இப்போது கரும்பலகையில் மூன்று கட்டம். மூன்றாவதுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கொஞ்சூண்டு'.

நாஞ்சில்காரன்

டீச்சர், எங்கள் பக்கம் இதற்குக் கடற்கரையே போதும். மணவாளக்குறிச்சிப் பக்கம் மண் கறுப்பாக இருக்கும். சின்ன வயதில் காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டே நடப்போம், திரும்பிப் பார்த்தால் தாடி வளர்ந்திருக்கும். 'இரும்புப் பொடி' என்போம். சரியாகச் சொன்னால் மேக்னடைட் என்ற தாதுவின் துகள்கள். அந்த மண்ணில் கறுப்பாக இருப்பதில் பெரும்பங்கு இல்மனைட் என்ற இன்னொரு தாது. அது வீட்டுக் காந்தத்துக்கு மசியாது, ஆலையில் பலமான காந்தம் வைத்துப் பிரிப்பார்கள்.

கடல் இல்லாத ஊரிலும் மழைத்தண்ணீர் ஓடிய தடத்தைப் பாருங்கள், கறுப்புக் கோடு ஒதுங்கியிருக்கும். அதில் காந்தத்தை வைத்தால் கிடைக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டு இழுங்கள். வெறும் காந்தத்தில் ஒட்டிய பொடியைப் பிரித்தெடுப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். கவரோடு என்றால் காந்தத்தை வெளியே எடுத்தவுடன் பொடி தானாக உதிர்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

என் அனுபவம் கொஞ்சம் மானம் போன கதை. தையல் ஊசியைக் காந்தத்தில் ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்து, ஒரு துண்டு தெர்மாகோலில் செருகித் தண்ணீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காக நிற்கும். வருடா வருடம் செய்து காட்டுவேன். பள்ளியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்த அன்று மட்டும் ஊசி பிடிவாதமாகக் கிழக்கைக் காட்டியது. திருப்பிவிட்டாலும் கிழக்கே. அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு விருந்தாளி வருகிறாரே என்று தலைமையாசிரியர் அறையில் இருந்து புது மேஜையைப் போட்டிருந்தார்கள். மேலே பலகை, கீழே முழுக்க இரும்புச் சட்டம். கிண்ணத்தைத் தரையில் இறக்கி வைத்ததும் ஊசி ஒழுங்காக வடக்கே திரும்பியது, ஆனால் பார்க்கத்தான் அதிகாரி இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் நம் தென்மாவட்டங்களில் அது ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். லண்டனில் அதே ஊசியின் வடமுனை தரையைப் பார்த்துச் சரிந்துவிடும். காந்த நடுக்கோடு, அதாவது ஊசி சரியாமல் படுக்கையாகவே நிற்கும் இடங்களைச் சேர்க்கும் கோடு, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதுதான் இதற்குக் காரணம். திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான். ஐந்தாம் வகுப்புக்கு இது அதிகம் என்பார்கள். நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் டீச்சர் இல்லை. ஆனால் என் சின்னவன் டவுன் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் பதில் தேடினேன். "டிரைவர் பிரேக் போட்டா என்னைப் பின்னால இருந்து யாரும்மா தள்றாங்க?" யாருமே தள்ளவில்லை என்றால் அவனால் ஏற்க முடியவில்லை. முன்னால் போய் விழுந்தது அவன்தானே.

கடைசியில் கேரம் போர்டுதான் கைகொடுத்தது. காய்களை ஏழெட்டு அடுக்கி, ஸ்டிரைக்கரை வேகமாக அடித்தால் அடிக்காய் மட்டும் பறந்து போகும், மேலே இருக்கிற அடுக்கு நேராகக் கீழே உட்காரும். "மேல இருக்கற காயை யாராவது தொட்டாங்களா? இல்லையே. அதனால அது இருந்த இடத்துலயே இருக்கு. பஸ்ல நீ போய்க்கிட்டே இருந்தே. பஸ் நின்னுச்சு, உன்னை யாரும் நிறுத்தலை, அதனால நீ போய்க்கிட்டே இருந்தே." புரிந்தது என்றான்.

கூடவே உராய்வும் வந்தது. போரிக் பவுடர் போட்டால் காய் ஏன் வழுக்குகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் ஹாலில் முகப்பவுடர் முழு டப்பாவும் காலி. சோதனைக்கு முதலில் சிக்கியது என் மாமியார். நல்லவேளை கதவைப் பிடித்துக்கொண்டார். 'உராய்வு இல்லாமல் நடக்கவே முடியாது' என்பதை எங்கள் வீட்டில் இனி யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மருந்துக்கடை

காந்தம் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலர் கலராக மிளகு அளவில் வரும் காந்தக் குண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் கையில் தராதீர்கள். எங்கள் தெருவில் ஒரு குழந்தை இரண்டை விழுங்கிவிட்டது. ஒரு குண்டு என்றால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இரண்டு என்றால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுவரையே ஓட்டையாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அந்தக் குழந்தையை அன்றைக்கே கொண்டுபோனதால் பிழைத்தது.

நாலாம் வகுப்பு டீச்சர்

மருந்துக்கடைக்காரருக்கு நன்றி, அதை நாளைக்கே பெற்றோர்களிடம் சொல்கிறேன். வாத்தியார் சார், எங்கள் வகுப்பு மேஜைக்கும் இரும்புக் கால்தான், கிண்ணத்தைத் தரையிலேயே வைக்கிறேன்.

இன்று ஒரு சோகம். ஸ்பீக்கர் காந்தம் கீழே விழுந்து சரிபாதியாக உடைந்துவிட்டது. அது பீங்கான் மாதிரி, தாங்காது. போட்டவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு துண்டில் வடமுனை, இன்னொன்றில் தென்முனை என்று பிரிந்திருக்கும் என்றார்கள் பிள்ளைகள். நூலில் தொங்கும் சின்னக் காந்தத்தைக் காட்டிப் பார்த்தோம். இரண்டு துண்டிலும் ஒரு பக்கம் இழுத்தது, மறுபக்கம் தள்ளியது.

போட்டவன் இரண்டையும் எடுத்து, உடைந்த இடத்தைப் பழையபடி பொருத்தப் பார்த்தான். விளிம்பு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் சேர மாட்டேன் என்கிறது. கிட்டே கொண்டுபோனால் நழுவி விலகுகிறது. "கோவிச்சுக்கிட்டு இருக்கு டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்தவள் ஒரு துண்டைப் பிடுங்கிக் குப்புறத் திருப்பி வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.