மீன்பிடி ஒதுக்கீட்டின் பாதிப்பை எதை வைத்து அளப்பது?

வணக்கம். திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் மீனவக் குடும்பங்களின் பொருளாதாரத்தை ஆய்வு செய்து வருகிறேன். நியூசிலாந்தில் 1986-இல் வந்ததுபோல, ஆளுக்கு இவ்வளவு மீன்தான் என்ற ஒதுக்கீடு இங்கே வந்தால் யார் தாங்குவார்கள், யார் தொழிலை விடுவார்கள் என்று பார்க்க வேண்டும். ஐஸ்லாந்தில் ஒதுக்கீட்டை விற்கலாம் என்று விட்டதும் அது பெரிய கம்பெனிகள் கையில் குவிந்தது. நம் கரைக்கு அந்த நிலை வரக்கூடாது.

சிக்கல் வருமானக் கணக்கில். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வள்ளத்துக்கு விலையே குறைத்துத்தான் போடுகிறார்கள், கடனுக்குப் பிடித்தமும் உண்டு. மிச்சம்தான் வள்ளம், வலை, ஆள் என்று பங்கு பிரியும். ஒரே அளவு மீன் பிடித்த இரண்டு வீட்டில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று வட்டியில் முங்குகிறது.

கரையில் மீன் ஏலம் போன விலைச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன், கடன் அதில் தெரியாது. ஆண்களிடம் கேட்டால் நல்ல பாடு (நிறைய மீன்) கிடைத்த நாள்தான் நினைவில் இருக்கிறது. பெண்கள் சொல்லும் வீட்டுச் செலவும் நகை அடகுக் கணக்கும்தான் நம்பும்படி இருக்கின்றன. அப்புறம், மீன்பிடிப்பு குறைந்தால் வீடுகள் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க, மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து ஒப்பிட்டேன். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. ஆனால் தடை விசைப்படகுகளுக்கு. இங்கே பெரும்பாலும் ஃபைபர் வள்ளங்கள். அதனால் அதுவும் சரிவரவில்லை.

முன்பணக் கடனில் இருக்கும் வீடுகளில், வருமானத்துக்குப் பதில் எதை அளவுகோலாக வைத்தால் ஒதுக்கீட்டின் பாதிப்பு சரியாகத் தெரியும்?