தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு: ஷட்டர் போய்விட்டதா?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும். என்னிடம் இருப்பது கெனன் 1டி எக்ஸ். பாவித்த கமராவாகத்தான் வாங்கினேன். அப்போதே ஷட்டர், அதாவது சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை, 2,10,000 தடவை அடித்திருந்தது.

போன சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் அக்கா மகளின் அரங்கேற்றம். 70-200 லென்ஸ், எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/800 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400, எல்லாம் மனுவலில், நானே கையால் வைத்தது. தில்லானாவில் பிள்ளை துள்ளும் இடத்தில் பொத்தானை விடாமல் அழுத்தி நொடிக்கு 12 படம் வீதம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஒரு படம் நல்ல வெளிச்சம். அடுத்தது இருட்டு. அதற்கடுத்ததில் முகத்துப் பக்கம் பழுப்பு மஞ்சள், சலங்கைப் பக்கம் பளிச்சென்று வெள்ளை. திரும்பவும் நல்லது, இருட்டு, பாதி. இடையில் நான் எதையும் மாற்றவில்லை.

திருத்துகிற கடையில் கொடுத்தேன். உள்ளே லைட்டுக்குக் கீழே நாலைந்து படம் அடித்துப் பார்த்துவிட்டு, ஷட்டர் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட காசு, நான் கமராவுக்குக் கொடுத்ததில் பாதி. அடுத்த மாதம் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாற்றத்தான் வேண்டுமா?

பழைய நெகட்டிவ்:
தம்பி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மண்டபத்து லைட்டைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய சோக் போட்ட குழல் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஒரு ஏற்ற இறக்கத்துக்கு 10 மில்லி செகண்ட். நீங்கள் வைத்த 1/800 என்பது 1.25 மில்லி செகண்ட், அதாவது எட்டில் ஒரு பங்கு. லைட் உச்சியில் இருக்கும்போது அகப்பட்டால் நல்ல படம், அடியில் அகப்பட்டால் இருட்டு. அடியில் நிறமும் மாறும், ஏனென்றால் குழலுக்குள் பூசிய பொஸ்பர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அந்தப் பழுப்பு மஞ்சள் அதுதான்.

பாதிப் படம் ஏன் என்றால், 1டி எக்ஸின் ஃப்ளாஷ் வேகம், அதாவது ஷட்டர் முழுதாகத் திறந்து நிற்கக்கூடிய மிக விரைவான வேகம், 1/250. அதற்கு மேலே போனால் ஷட்டரின் இரண்டு திரையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருக்காது. ஒரு ஒடுங்கிய இடைவெளிதான் சென்சாரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். அது ஓடி முடிவதற்குள் லைட் இறங்கிவிடுகிறது.

நீங்கள் எழுதிய வரிசையே எனக்குப் போதும். நொடிக்கு 12 படம் என்றால் இரண்டு படத்துக்கு நடுவே லைட் எட்டும் மூன்றில் ஒரு பங்கும் தடவை ஏறி இறங்கும். அந்த மூன்றில் ஒரு பங்குதான் ஒவ்வொரு முறையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே மூன்று படத்துக்கு ஒரு தடவை அதே நிலை திரும்பி வரும். பழுதான ஷட்டர் இப்படிக் கணக்காக நடக்காது.

ஷட்டர் 4,00,000 தடவை தாங்கும்படி சோதித்துச் செய்தது. உங்களுடையது பாதிதான் ஓடியிருக்கிறது. அதனாலேயே பழுது இல்லை என்று சொல்லிவிட முடியாதுதான். பகல் வெயிலில் அதே 1/800 இல் ஐம்பது அறுபது படம் அடித்துப் பாருங்கள். ஷட்டர் பழுதென்றால் அங்கேயும் காட்டும்.

கொட்டாஞ்சேனை நிழல்:
அண்ணா சொல்வது சரி. கல்யாண மண்டபங்களில் நானும் இதில் அகப்பட்டிருக்கிறேன். குழல் விளக்கென்றால் 1/100 அல்லது 1/50 வையுங்கள், முழு ஏற்ற இறக்கமும் உள்ளே வந்துவிடும். பழக்கத்தில் 1/125 வைத்துவிடாதீர்கள், அது 8 மில்லி செகண்ட்தான். பதம், அபிநயம் எல்லாம் 1/100 இல் அழகாக வரும். துள்ளலுக்கு அது போதாது. அதற்கு மண்டபத்து லைட்காரரிடம் முன்கூட்டியே கதைத்து, மேடைக்கு மேலே குழல்களை அணைத்து ஹலோஜன் போடச் சொல்லுங்கள். அதன் இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அதனால் வெளிச்சம் ஆடுவது குறைவு. மலிவான எல்ஈடிகளைத்தான் நம்ப முடியாது. சில 1/100க்கும் அடங்காது. ஆட்கள் வருவதற்கு முன் பத்துப் படம் அடித்துப் பார்ப்பேன்.

கெனனில் இதற்கென்றே ஒரு வசதி 2014 இல் 7டி மார்க் 2 உடன் வந்தது. லைட் ஆடுவதைக் கமராவே கண்டுபிடித்து, உச்சி வரும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். 2016 இல் வந்த 1டி எக்ஸ் மார்க் 2 இலும் இருக்கிறது. உங்களுடையது 2012 கமரா, அதில் இல்லை.

வெள்ளவத்தை வாசி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கடற்கரைக்குப் போய், ரயில் வரும் வரை நின்று, 1/800 இல் 64 படம் எடுத்தேன். பெட்டிகளின் ஜன்னல், கதவில் தொங்குகிறவர்களின் சட்டை, பின்னால் கடல், எல்லாம் ஒரே வெளிச்சம். ஒரு படம்கூட ஆடவில்லை. பிறகு வீட்டுக் குசினியில், பழைய குழல் விளக்குக்குக் கீழே வெள்ளைச் சுவர். 1/800 இல் அதே நல்லது, இருட்டு, பாதி. 1/100 இல் வரிசையாக 12 படமும் ஒன்று போல! கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி அந்த அரங்கேற்றப் படங்களை என்ன செய்யலாம்? அக்கா தினமும் கேட்கிறா.

பழைய நெகட்டிவ்:
ரோவில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுத்தீர்களா? அப்படியென்றால் மூன்றில் ஒன்று ஏற்கெனவே நல்லதாக இருக்கும், அவற்றை முதலில் பிரித்தெடுங்கள். முழுதும் இருட்டானதை வெளிச்சம் கூட்டி, வெள்ளைச் சமநிலையை ஒவ்வொரு படமாகத் திருத்துங்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே திருத்தத்தைப் போட்டால் சரிவராது. பாதி மஞ்சளானவற்றை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசி:
ரோதான், ஐயா. துள்ளலில் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பிய ஒரு படம் நல்ல வெளிச்சத்தில் அகப்பட்டிருக்கிறது, சலங்கை மணிகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. அதை இன்றைக்கே அக்காவுக்கு அனுப்புகிறேன். கல்யாண மண்டபத்துக்கு நாளைக்கு லைட் பார்க்கப் போகிறேன்.