மறு: மறு: பற்றரி தானாக இறங்குவதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கு முன் வேண்டும்)

மட்டக்களப்பு, மோட்டார் வாகனப் பாட ஆசிரியர்:

குழுமத்தாருக்கு வணக்கம்.

தேசிய தொழில் தகைமை மட்டம் 4 மாணவருக்கான வாகன மின்னியல் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறது.

காரைப் பூட்டிவிட்டுப் போகிறோம். விளக்கு இல்லை, வானொலி இல்லை, எல்லாம் அணைந்த மாதிரித்தான் இருக்கிறது. மூன்று நாள் கழித்து வந்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. அணைந்த காரில் பற்றரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும் இந்த ஓட்டத்தை ஆங்கிலத்தில் 'பரசிற்றிக் ட்ரெயின்' (parasitic drain) என்கிறார்கள். எங்களிடமிருந்த பழைய குறிப்பில் 'ஒட்டுண்ணி மின்னோட்டம்' என்று இருந்தது. அதை வகுப்பில் வாசித்ததும் ஒரு பையன் எழும்பி, “எலி வயரைக் கடிக்கிறதா சேர்?” என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை. ஒட்டுண்ணி என்றால் உயிருள்ள ஒன்று என்று உயிரியலில் படித்தவன் அப்படித்தானே நினைப்பான்?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றபோது இந்தப் பிரச்சினை வீட்டுக்கு வீடு தெரிந்துபோயிற்று. அதே மாதம் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களிலேயே கமரா, ஜி.பி.எஸ்., அலாரம் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டோம். மாணவர்களுக்கு நாளைக்கு வரப்போகும் வேலையே இதுதான். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

கல்முனை, வாகன மின் வேலை:

சேர், சொல்லைத் தேடுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு.

இப்போதைய காரைப் பூட்டினாலும் உள்ளே சில கணினிப் பெட்டிகள் ரிமோட்டின் குரலுக்குக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். கடிகாரம் ஓட வேண்டும், அலாரம் காவலிருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் ஓட்டம் போகத்தான் செய்யும். பொதுவாக 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் நாங்கள் கை வைக்க மாட்டோம். அதற்கு மேலே போவதுதான் வருத்தம்.

பார்க்கும் விதத்தையும் குறிப்பில் போடுங்கள். பிள்ளைகள் அவசரப்பட்டுப் பிழையாகப் பார்க்கிறார்கள். கதவைத் திறந்துவைத்து, பூட்டின் கொளுக்கியை ஸ்க்ரூ ட்ரைவரால் தள்ளி மடக்கிவிட வேண்டும். அப்போது கார் கதவு சாத்தியாயிற்று என்று எண்ணிக்கொள்ளும். திறப்பைத் தூரக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் சில கார்கள் உறங்கவே மாட்டா. நேரோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரை நெகற்றிவ் வயரில் கொளுவிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். முதலில் சில அம்பியர் காட்டும். மறுகா ஒன்றுக்குக் கீழே வரும். அரை மணித்தியாலம், சில காருக்கு ஒரு மணித்தியாலமும் போகும், பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்து 30, 20 மில்லிக்கு வந்து நிற்கும். அப்படி வராமல் 250இல் நின்றால் அங்கேதான் ஆள் இருக்கிறான்.

பியூஸைப் பிடுங்கிப் பிடுங்கித் தேடுவது பழைய வழி. பிடுங்கிச் செருகினால் உறங்கின பெட்டி எழும்பிவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளியிலும் மீற்றர் முனையை வைத்து மில்லிவோல்ற் பாருங்கள். பூச்சியம் என்றால் அந்தப் பாதையில் ஓட்டம் இல்லை. போன மாதம் வந்த ஒரு ஹைபிரிட்டில் காரணம், எப்போதும் மின் இருக்கும் வயரில் யாரோ பூட்டிய கமரா.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, 'ஒட்டுண்ணி' மாணவனை எலிக்குக் கொண்டுபோனதில் வியப்பில்லை. உண்ணி என்றதும் மாட்டின் காதுதான் நமக்கு நினைவில் வரும். நம் வளவிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறதே, *குருவிச்சை*. மாங்கொப்பில் ஒட்டி வளர்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சும் அந்தச் செடியைத் தமிழகத்தார் புல்லுருவி என்பர். புல்லுதல் தழுவுதல், தழுவி நின்றே அழிப்பது. நம் குருவிச்சையோ குருவியின் எச்சத்தால் வருவது. குருவி பழத்தைத் தின்று, பசையுள்ள விதையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் பறக்கும். 'குருவியெச்சை' மருவிக் குருவிச்சை ஆயிற்று என்பது என் துணிபு. குருவி + இச்சை என்பாரும் உளர். குருவிக்கு இச்சையான பழம் என்று பொருள் கொள்ளலாம்தான், ஆனால் அப்படியானால் செடிக்கன்றிப் பழத்துக்கல்லவா அந்தப் பெயர் முதலில் நின்றிருக்கும்? இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு *குருவிச்சை ஓட்டம்*.

அக்கரைப்பற்று, விஞ்ஞான ஆசிரியை:

ஐயா, குருவிச்சைக்குப் பச்சை இலை உண்டு. உணவைத் தானே தயாரிக்கும். மரத்திடமிருந்து எடுப்பது நீரும் கனியுப்பும். அதை அரை ஒட்டுண்ணி என்றுதான் படிப்பிக்கிறோம். கமராவோ தனக்கென்று எதையும் தயாரிப்பதில்லை. உவமை அவ்வளவு பொருந்தவில்லை. எல்லாருக்கும் விளங்கும் *மின்கசிவு* போதாதா?

கொழும்பு, மொழிபெயர்ப்பாளர் (ஊர் திருக்கோவில்):

மின்கசிவு கூடாது, உறுதியாகச் சொல்கிறேன். நம் நாளிதழ்களில் கடை எரிந்தால் “மின்னொழுக்கே காரணம்” என்று எழுதுகிறார்கள். தமிழகத்தில் அதையே மின்கசிவு என்கிறார்கள். இரண்டுமே வாசகருக்குத் தீ. காரில் மின்கசிவு என்று வேலைச் சீட்டில் எழுதினால் உரிமையாளர் பிள்ளைகளை ஏற்றப் பயப்படுவார்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தவிர்க்கலாம். பற்றரியைக் கழற்றி மூலையில் வைத்தாலும் அது மெல்ல இறங்கும், நம் பக்கத்து வெயிலில் இன்னும் வேகமாக. அது பற்றரிக்குள்ளேயே நடப்பது. *தன்மின்னிறக்கம்* என்று எழுதலாம். நாம் பேசுவது காரின் சுற்று இழுப்பதை.

கல்முனை நண்பர் பிரித்தது மிகச் சரி. ஆங்கிலச் சொல் இயல்பான 30 மில்லியையும் கோளாறான 250 மில்லியையும் ஒரே கூடையில் போடுகிறது. தமிழில் புதிதாக ஆக்கும்போது அந்தக் குறையையும் ஏன் சுமக்க வேண்டும்? இயல்பானதைத் *துயிலோட்டம்* என்போம். கோளாறானது *மிகைத் துயிலோட்டம்*.

களுவாஞ்சிக்குடி:

துயிலோட்டம் அழகு. மிகைத் துயிலோட்டம் பொருந்தாது. மிகையாக இழுப்பது துயிலாத பெட்டி. விழித்திருப்பவனுக்கு மிகைத் துயில் என்று பெயரிடுவதா?

*களவோட்டம்* என்று வைப்போம். களவு திருட்டு மட்டும் அன்று, மறைவும் ஆம்; அகப்பொருளில் களவு என்பதே பிறர் அறியாமல் நிகழ்வதுதான். உரிமையாளர் அறியாமல் ஓடுவது களவோட்டம். களவு + ஓட்டம் என்ற சொற்புணர்ச்சி பற்றி யாரும் ஐயுற வேண்டாம். களவு குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரம். ஆயினும் உயிர் வரும்போது முற்றியலுகரமும் சிலவிடத்துக் குற்றியலுகரம் போலவே கெடும்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் கரையில் இருந்துகொண்டு ஒரு சொல்லுக்கு நாம் தடுமாறலாகாது.

கொழும்பு:

ஐயா, கம்பியில் கொளுக்கி போட்டு மின்சாரம் எடுப்பதை எல்லாரும் 'மின் களவு' என்கிறார்கள். அது குற்றம், தண்டனை உண்டு. களவோட்டம் அதன் தம்பி மாதிரிக் கேட்கிறது.

வந்தாறுமூலை, மாணவி:

துயில் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர்களில் அந்தச் சொல் போரில் இறந்தோரின் துயிலும் இல்லங்களில் எழுதப்பட்டிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டால் இன்னும் அழும் தாய்மார் இருக்கிறார்கள். காரின் கோளாறுக்கு அது வேண்டாம். கணினியில் ஏற்கெனவே 'உறங்குநிலை' புழக்கத்தில் இருக்கிறது. *உறங்கோட்டம்* என்றால் வினைத்தொகையாகவும் நிற்கும், பொருளும் கெடாது.

களுவாஞ்சிக்குடி:

மகள் சொன்னது சரி. உறங்கோட்டத்துக்கு என் வாக்கு.

அக்கரைப்பற்று:

உறங்கோட்டம் நல்லது. அப்படியானால் பற்றரியும் 'மின்கல அடுக்கு' ஆக வேண்டாமா? பாடப்புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. பாதி தமிழ், பாதி வேறு என்று எத்தனை நாளைக்கு?

கல்முனை:

ரீச்சர், பற்றரிக் கடையில் போய் மின்கல அடுக்கு கேட்டால் டோர்ச்சுக்குப் போடுவதைத்தான் தருவார்கள். பற்றரியை விட்டுவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடி:

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையும் ஏற்றது தொல்காப்பியம். பற்றரியைத் திசைச்சொல் வரிசையில் வைக்கலாம். றகரம் இரட்டித்து நம் நாவுக்கு வந்த பின் அது நம்முடையதே.

அக்கரைப்பற்று:

திசைச்சொல் என்ற கதவை இவ்வளவு அகலத் திறந்தால் 'பரசிற்றிக் ட்ரெயின்' என்றே எழுதிவிடலாமே ஐயா. பிறகு இந்தக் குழுமம் எதற்கு?

மட்டக்களப்பு:

எல்லாருக்கும் நன்றி. நேரம் போய்விட்டது. நாளைக்குக் கோப்பை அனுப்ப வேண்டும், ஆகவே இப்படிப் போடுகிறேன்.

பூட்டிய காரில் பெட்டிகள் உறங்கிய பின் இயல்பாகப் போவது *உறங்கோட்டம்*. அதற்கு மேலே, போகக் கூடாதது போவது *களவோட்டம்*. ஒட்டுண்ணியை எடுத்துவிட்டேன். பற்றரி பற்றரியாகவே இருக்கிறது. பரீட்சைத் தாளில் ஆங்கிலப் பெயரே வரலாம் என்பதால் முதல் இடத்தில் அதையும் தமிழ் எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

கணக்கையும் இந்தச் சொற்களிலேயே எழுதிப் பார்த்தேன். “களவோட்டம் 250 மில்லி அம்பியர் எனில் ஒரு நாளில் 6 அம்பியர் மணித்தியாலம் போகும். 35 அம்பியர் மணித்தியாலப் பற்றரி மூன்றாம் நாள் முடிவில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். ஹைபிரிட் காரில் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ற் பற்றரி இறங்கினால் கணினிகள் விழிக்கா, கார் புறப்படாது.” வாசிக்க ஓடுகிறது.

கொழும்பு:

உறங்கோட்டத்தை ஏற்கிறேன். களவோட்டத்தை ஏற்கவில்லை. கோளாறைக் குற்றமாக்கும் சொல் அது. கமரா பூட்டியவர் கள்ளர் அல்லர். *உறங்காவோட்டம்* என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக வைத்தால் இரண்டு சொல்லும் சோடியாக நிற்கும், மாணவர் ஒன்றிலிருந்து மற்றதைத் தாமே பிடித்துக்கொள்வார்கள். அச்சுக்குப் போனால் போகட்டும். அடுத்த பதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்துப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி:

ஓடுவது ஓட்டம், அது எப்படி உறங்காமல் இருக்கும்? உறங்காதது பெட்டி. விரிவாகப் பின்னர் எழுதுகிறேன்.

கல்முனை:

சேர், குறிப்பு அச்சாகியதும் எனக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள். கராஜில் இரண்டு பொடியன்கள் பழகுகிறார்கள்.