கொரங்காட்டில் காய்ந்த புல்: வயிறு நிறைந்தும் மாடு இளைப்பது ஏன்?

கேள்வி:
காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எழும்பிய கொழுக்கட்டைப்புல் இப்போது பங்குனியில் வைக்கோல் மாதிரி காய்ந்து நிற்கிறது. மாடுகள் பகல் முழுக்க மேய்ந்து வயிறு ரொம்பித்தான் வருகின்றன, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. சாணி கெட்டியாக அடுக்கடுக்காக விழுகிறது, உடைத்துப் பார்த்தால் உள்ளே நாராகக் கிடக்கிறது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. இதே புல்லைத் தின்றுதான் மார்கழியில் மினுமினுவென்று இருந்தன. உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில் 1:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு புல்லில்தான் என்று தோன்றுகிறதுங்க. புல்லைச் செரிப்பது மாடு இல்லை, அதன் பெருவயிற்றில் (இரைப்பையின் முதல் பெரிய அறை) இருக்கும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகள். காற்றில்லாமல், 39 டிகிரிச் சூட்டில் அவை நாரைப் புளிக்க வைக்கின்றன, அதில் வரும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் பெருவயிற்றுச் சுவர் வழியாகவே ரத்தத்தில் சேர்கின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு அதுதான்.

இளம்புல்லில் இது சுலபம். பூத்து முற்றிய தண்டில் நாரைச் சுற்றி லிக்னின் என்ற கட்டை மாதிரியான பொருள் படிந்துவிடும், காற்றில்லாத இடத்தில் அதை உடைக்க அந்த நுண்ணுயிர்களால் முடியாது. தண்டின் மேல்தோலிலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது, அதனால் பாக்டீரியா பெரும்பாலும் கடிபட்ட முனை வழியாகவோ விரிசல் வழியாகவோதான் உள்ளே நுழைய வேண்டும். மாடு படுத்து அசை போடுவதில் நடக்கும் முக்கியமான வேலையே இதுதான், ஒவ்வொரு மெல்லலிலும் புதிதாக வாசல் திறக்கிறது. பூஞ்சைகள் மட்டும் வேர் மாதிரி இழை விட்டுத் தண்டைத் துளைக்கும். துணுக்கு சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுக்காமல் அடுத்த அறைக்குப் போகாது, அதனால் காய்ந்த தண்டு நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வயிறு நிறைந்து தெரிவது அதனால்தான், புதிதாகத் தின்ன இடம் இருக்காது.

பதில் 2:
எங்கள் பக்கம் கோடையில் மாட்டை வெள்வேல மரத்தடியிலேயே விடுவோம், உதிர்ந்த காயைத் தேடிப் பொறுக்கித் தின்னும். காய் தின்ற மாட்டின் சாணி இளகி விழும். கொட்டை செரிக்காமல் வெளியே வந்து மழைக்கு முளைத்துவிடும், காட்டில் பாதி மரம் அப்படி வந்ததுதான். நரிப்பயறுக் கொடி காய்ந்து கிடந்தாலும் அதைத்தான் முதலில் மேயும்.

கேள்வி கேட்டவர்:
மரம் எங்களிடம் குறைவுங்க. கம்பங்கூழும் தவிடும் கூடுதலாக ஊற்றினால் தேறுமா? தண்ணீரில் யூரியா கலக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

பதில் 1:
யூரியாவைத் தண்ணீரில் கலக்கவே கலக்காதீர்கள், பெருவயிற்றில் ஒரேயடியாக அம்மோனியா ஏறி மாடு செத்துப்போகும். வைக்கோலை யூரியாவில் பதப்படுத்துவது வேறு. அதில் 100 கிலோவுக்கு 4 கிலோ கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பார்கள். நிற்கும் புல்லுக்கு அது ஆகாது.

கூழையும் கூட்ட வேண்டாம். மாவுச்சத்து சீக்கிரம் புளித்து அமிலம் ஏறினால் நாரை உடைக்கும் பாக்டீரியாதான் முதலில் அடங்கும், அப்புறம் இருக்கிற புல்லும் செரிக்காது.

உங்கள் மாட்டுக்குக் குறைவது புரதம். புல் முற்றும்போது இலையில் இருந்த தழைச்சத்து விதைக்கும் வேருக்கும் போய்விடுகிறது, தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்களே பெருகாது. பதில் 2-இல் சொன்ன வெள்வேலங்காய் வேலை செய்வதும் அதிலுள்ள புரதத்தால்தான். தினமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ, கூடவே தாது உப்பும் தண்ணீரும் கொடுங்கள். அகத்தி, கிளைரிசிடியா தழை கிடைத்தால் இன்னும் செலவு குறைவு. அடுத்த மழைக்கு ஒரு பகுதிப் புல்லைப் பூ எடுக்கும் பருவத்திலேயே அறுத்து உலர்த்திப் போர் போட்டு வையுங்கள், அதில் இலை உதிராமல் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரிங்க, நாளைக்கே பருத்திக்கொட்டை வாங்கி ஊறவைக்கிறேன். சினை மாட்டுக்கும் இதே அளவா?

பதில் 1:
கடைசி இரண்டு மாதம் என்றால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், கன்று வயிற்றை நெருக்குவதால் அந்தச் சமயத்தில் தின்பதே குறையும். எதையும் சிறிதாகத் தொடங்கி ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.