சிறப்புக் கல்வி இயக்குநர் தேர்வு: நியூஜெர்சி தமிழ்ப் பெற்றோர் குழு

ஆதி அம்மா, மாலை 7:42
அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநர் ஜூன் மாதத்துடன் ஓய்வு பெறுகிறார். ஐஇபியில், அதாவது பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தில், நாம் கையெழுத்திட்டாலும், ஸ்பீச் தெரபிஸ்ட் விடுப்பில் சென்றால் மாற்று ஆள் வருவாரா, வகுப்பில் உதவியாளர் இருப்பாரா என்பதெல்லாம் அந்தப் பொறுப்பில் இருப்பவரின் முடிவைப் பொறுத்தே நடக்கிறது. ஆகவே அங்கு யாரை அமர்த்துவது என்பதில் நம் கருத்தையும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன்.

மீனு அப்பா, 7:50
பள்ளி போர்டு கூட்டத்தில் நியமன வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்கள் பேசலாமே, அது போதாதா?

ஆதி அம்மா, 7:58
போதாது அண்ணா. நியூஜெர்சி சட்டப்படி, மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டன்ட் பரிந்துரைக்காத ஒருவரைப் போர்டு நியமிக்க முடியாது. பெயர் வாக்கெடுப்புக்கு வரும்போது நேர்காணல்கள் முடிந்திருக்கும் என்பதால், நாம் மைக் முன் நின்று பேசுவது கூட்டக் குறிப்பில் ஏறுமே தவிர முடிவை மாற்றாது. பரிந்துரைக்கு முன்பே பேசியாக வேண்டும்.

தருண் அம்மா, 8:05
ஆள் எடுப்பது நிர்வாகத்தின் வேலை என்பார்களே. தலையிட்டால் அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் மீது காட்டிவிடுவார்களோ என்றும் அச்சமாக இருக்கிறது.

ஆதி அம்மா, 8:17
உங்கள் அச்சம் நியாயமானது. 1975இல் பிறந்து இன்று ஐடியா (IDEA) என வழங்கும் சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம் பெற்றோரை ஐஇபி குழுவின் உறுப்பினராக்குகிறதே ஒழிய, இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புக் கல்விப் பெற்றோர் ஆலோசனைக் குழு இயங்க வேண்டும் என்பது நியூஜெர்சி மாநில விதி. நம் செபாக் (SEPAG) அதுதான். அதன் பெயரில் கடிதம் சென்றால் எந்தக் குடும்பமும் தனித்துத் தெரியாது. நேர்காணல் குழுவில் இரண்டு பெற்றோருக்கு இடம் கேட்போம். விண்ணப்பதாரர் விவரங்களை வெளியிட மாட்டோம் என்று அந்த இரண்டு பெற்றோரும் எழுதிக் கொடுக்கட்டும்.

மீனு அப்பா, 8:31
அப்படியானால் என் கேள்வி ஒன்றையும் அங்கே கேளுங்கள். மீனு டேப்லெட் வழியாகத்தான் பேசுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். அது பழுதானபோது, இயக்குநரின் ஒப்புதல் வரவில்லை என்றே அவளது ஐஇபியைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வழியில்லாமல் என் மகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு கருவி பழுதானால் எத்தனை நாளில் மாற்றுத் தருவீர்கள், அதுவரை பிள்ளை எப்படிப் பேசும் என்று ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் கேட்க வேண்டும். பட்டங்களை நிர்வாகமே சரிபார்த்துக்கொள்ளும். இந்தக் கேள்வி பெற்றோருக்குத்தான் தோன்றும்.

ஆதி அம்மா, 8:36
கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சேர்க்கிறேன், அண்ணா.

தருண் அம்மா, 8:44
வியாழக்கிழமை செபாக் கூட்டத்திற்கு நானும் வருகிறேன். குஜராத்தி, ஸ்பானிஷ் பேசும் பெற்றோரும் கையெழுத்திட்டால்தான் இது மாவட்டத்தின் குரலாக இருக்கும். வரைவை நாளை இரவுக்குள் அனுப்புங்கள். பக்கத்து வீட்டு குஜராத்தி அக்காவிடம் நான் பேசுகிறேன்.